வீராசாமி கங்காணியின் நாற்பது பிள்ளைகள்

ஓய்வுபெற்ற கிளாக்கரைத் தேயிலைத் தோட்ட ஆபீசிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றால் ஏதோ ஒரு சாவியைக் காணவில்லை என்று அர்த்தம். இரும்பு அலமாரிச் சாவிக்காக மட்டும் என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் போன வருடம் ஒரு காலையில் ஆபீசில் வேலை பார்க்கும் சங்கீதா கூப்பிட்டபோது, "அலமாரியில பாரும்மா" என்று சொல்லிவிட்டு போனை வைக்கப் போனேன்.

"சாவி இல்லீங்க ஐயா. கம்ப்யூட்டர் ஒரு ஆள ஏத்துக்க மாட்டேங்குதுங்க."

"யாரை?"

"வீராசாமி கங்காணிய. பழைய புஸ்தகத்துல இருக்க மாதிரியே ஏத்துனேன். அவருக்கு நாப்பது ஆம்பளப் புள்ளைங்கன்னு வருது. அதுல ஏழெட்டுப் பேரு அவர விட வயசுல மூத்தவங்க."

கம்ப்யூட்டர் இவ்வளவு விவரமானது என்று எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் எந்தத் துரையும் அதைக் கவனித்ததில்லை. அதைச் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"அந்த நாப்பது பேருல ஒருத்தரு எங்க கொள்ளுத்தாத்தா. இன்னொருத்தரு பிரசாந்தோட கொள்ளுத்தாத்தா. நேத்து பரிசம் நின்னு போச்சுங்க ஐயா."

நடந்தது இதுதான். சங்கீதா எங்கள் தோட்டத்தில் பெக்டரியில் வேலை பார்க்கும் செல்லமுத்துவின் மகள். பிரசாந்த் வலப்பனையில் பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய குடும்பமும் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் இருந்ததுதான். தாத்தா இறந்த கையோடு வலப்பனைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் தாங்களாகவே விரும்பி, பெரியவர்களையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, பரிசம் போடும் நாளும் வந்தது. இந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. ஆபீசிலிருந்த பழைய ஆள் புத்தகத்தைப் பார்த்து இரண்டு குடும்பத்துக்கும் வம்சாவளிப் படம் வரைந்து, தங்க நிறச் சட்டம் போட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிசாகக் கொடுத்தாள். அதை ஒரு புண்ணியவான் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். இரண்டு படத்திலும் உச்சியில் ஒரே பெயர்; அவள் அதை வேறு வேறு வீராசாமி என்று நினைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் பெரிய அத்தை பாக்கியம் எழுந்து நின்று, "அப்ப இது பங்காளி வீடு. அண்ணன் தங்கச்சி முறை. எந்திரிங்க எல்லாரும்" என்றாராம். வடை கூட யாரும் தொடவில்லை. ஒரே அப்பன் வழியில் வந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் கொண்டான் கொடுத்தான் கிடையாது. அதில் யாரும் பேரம் பேச முடியாது.

"ஐயா சொன்னா ரெண்டு வீட்டுலயும் கேப்பாங்க. ஐயாவுக்குத்தான் இங்க சொந்தம்னு யாருமில்லையே" என்றாள். என் தகுதிச் சான்றிதழை யாரும் அதுவரை இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

அவள் சொன்னது உண்மைதான். நான் அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். அம்மாவின் ஆட்கள் எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அப்பா ஒற்றை ஆள். அண்ணன் தம்பி என்று யாரையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை ஹட்டனில் விடுதியில் போட்டுப் படிக்க வைத்தார். ஒருமுறை மொட்டைத் தலையோடு என்னைப் பார்க்க வந்தார். விடுதிப் பையன்கள் சிரித்தார்கள். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தது என்று அவர்களிடம் நானே சொன்னேன். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் பேசக்கூடிய ஆள் இல்லை.

படித்து முடித்ததும் அதே தோட்டத்து ஆபீசில் உதவி கிளாக்கர் வேலை கிடைத்தது. லயத்துப் பிள்ளை ஆபீசுக்குள் போவது அப்போது பெரிய விஷயம். ஆபீஸ்காரர்கள் தனிக் குவாட்டர்சில் இருக்க வேண்டும். லயத்தோடு பழக்கம் வைத்தால் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் போடுவதிலிருந்து எல்லாவற்றிலும் பாரபட்சம் என்று துரைக்கு மொட்டைக் கடிதம் போகும். அப்பா அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். கடைசிவரை அவர் லயத்தில்தான் இருந்தார். என்னைப் பார்க்க வந்தால் குவாட்டர்ஸ் வேலிக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார்.

அப்போது பெரிய கிளாக்கராக இருந்தவர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மாலையில் அதைப் போட்டுக்கொண்டு போவார். வேலை நேரத்தில் கோட்டுப் போட்டு அவரை நான் பார்த்ததில்லை. பிறகு எதற்குக் கொண்டுவருகிறார் என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. எழுதியதை அழிக்க விடமாட்டார். பிழை என்றால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரை வைக்க வேண்டும். "பிழை விட்டது ஆரெண்டு பின்னுக்கு வாறவனுக்குத் தெரிய வேணும்" என்பார். என் பெயர் அந்தப் புத்தகங்களில் நிறைய இடத்தில் இருக்கிறது.

பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் நடந்த காலம் அது. பிறந்ததற்கு ஆதாரம் கேட்டு லயம் லயமாக ஆட்கள் வருவார்கள். எந்த வருடம் பிறந்தாய் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அம்பலவாணர் அப்படிக் கேட்கவே மாட்டார். "உம்மைப் பெறேக்கை கொம்மா எந்த மலையில வேலை?" என்று கேட்பார்.

"அஞ்சாம் நம்பர் மலையில கவ்வாத்து வெட்டயிலங்க."

தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. எந்த மலை எப்போது வெட்டப்பட்டது என்று தனியாகப் புத்தகம் உண்டு. அதை எடுத்துப் பார்த்தால் ஐந்தாம் நம்பர் மலை வெட்டப்பட்ட வருடங்கள் நாலைந்து கிடைக்கும். அடுத்து, அப்போது எந்தத் துரை இருந்தான், அவனிடம் நாய் இருந்ததா குதிரை இருந்ததா என்று கேட்பார். குதிரை என்றால் ஒரு வருடம், நாய் என்றால் இன்னொரு வருடம். அதன் பிறகுதான் பிறப்புப் பதிவைத் தேடுவது. இப்படிக் குதிரையை வைத்துக் குடியுரிமை கிடைத்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

வீராசாமி கங்காணியைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணி, அத்தனை பேருக்கும் துரையிடம் பொறுப்பு. ஆட்கள் மலையில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். கங்காணி மட்டும் ஆபீஸ் வாசலில் நின்று ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லச் சொல்ல கிளாக்கர் எழுதுவார். தகப்பன் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விடக் கூடாது. தெரிந்தவனுக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார். தெரியாதவனுக்குத் தன் பெயரையே சொன்னார். பொறுப்பு எப்படியும் அவருடையதுதானே.

"வெறுமையாய் விட்டால் துரை கத்துவான். பொய்யை எழுதினால் ஆரும் கத்த மாட்டினம்" என்றார் அம்பலவாணர். "எழுத்தை மட்டும் வாசியாதையும். சொன்ன ஆள் ஆரெண்டு பாரும்."

அந்த நாற்பது பேரில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். அதைப் பார்த்த அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே போக வழியில்லை என்று தெரிந்துவிட்டது. பெரிய கிளாக்கராகி, ஊரார் பூர்வீகத்தையெல்லாம் தேடிக் கொடுத்தபோதும், என்னுடையதை நான் தேடவில்லை. கல்யாண வீடுகளில் எனக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். மாப்பிள்ளை பக்கமும் இல்லாமல் பெண் பக்கமும் இல்லாமல் நடுவில் இருக்கும். சண்டை வந்தால் இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துத்தான் கத்துவார்கள்.

பூர்வீகம் தேடி வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவது பிற்பாடு தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த ஒருவர் தன் தாத்தா இருந்த காம்பராவை, அதாவது லயத்து அறையை, காட்டச் சொன்னார். புத்தகத்தில் லய நம்பரும் காம்பரா நம்பரும் சரியாகக் கிடைத்தன. போய்ப் பார்த்தால் அந்த லயம் மண்சரிவில் போய், அந்த இடத்தில் ஒருவர் லீக்ஸ் போட்டிருந்தார். வந்தவர் கண்கலங்கி, ஒரு போத்தலில் அந்த மண்ணை அள்ளிக்கொண்டார். அது வண்டி வண்டியாக வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண் என்று தோட்டக்காரர் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

மிதித்தால் அடங்கக்கூடிய விஷயமாகச் சங்கீதாவின் காரியம் இல்லை. மறுநாளே ஆபீசுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். சாவி அதிலேயேதான் இருந்தது.

முதலில் காணி உறுதி என்ற நிலப் பத்திரத்தைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் ஆரம்பத்தில் வெவ்வேறு தோட்டங்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகுதான் ஒருவனே இரண்டையும் வாங்கினான். சங்கீதாவின் முன்னோர் மேல்பிரிவு, பிரசாந்தின் முன்னோர் கீழ்ப்பிரிவு. அவர்கள் வேறு வேறு துரைகளிடம் வந்தவர்கள் என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. உறுதியும் பழைய வரைபடமும் கிடைத்தன. வடக்கே ஆறு, கிழக்கே காடு, தெற்கே ஒரு பாறை. பாறைக்குப் பெயர் கூட எழுதியிருந்தார்கள். ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆள் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு தோட்டத்துக்கும் ஆள் கொண்டுவந்து கொடுத்தது அதே வீராசாமி. அந்த மனுஷன் ஒரு தோட்டத்தோடு நிற்கவில்லை.

ஆக, புத்தகத்தை வைத்து அவர்கள் பங்காளி என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. கிளாக்கருக்கு இது போதும். கல்யாண வீட்டுக்குப் போதாது. "தெரியாது" என்ற பதிலை நம்பி யாராவது தாலி கட்டுவார்களா?

இப்படிப் புத்தகம் கைவிட்டுவிட்டால் கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அந்த வீட்டில் யாராவது செத்தபோது மொட்டை எடுத்தது யார், கோடி கொண்டுவந்தது யார்? செத்தவருக்காகத் தலையை மொட்டையடிப்பவன் பங்காளி. புருஷன் செத்தால் பெண்சாதிக்கு அவள் பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுவந்து போடுவார்கள்; அதுதான் கோடி. அவளே செத்தாலும் அது அங்கிருந்துதான் வர வேண்டும். கோடி மாமன் மச்சான் முறைக்காரர்களிடமிருந்து வரும். புருஷனின் பங்காளி வீட்டிலிருந்து ஒருநாளும் வராது. யார் எந்தப் புத்தகத்தில் என்ன எழுதினாலும் சாவு வீட்டில் முறை மாறி நிற்க ஊர் விடாது.

செல்லமுத்துவிடம் கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்தக் காலத்து ஆட்களில் இரண்டு வீட்டிலும் சேர்த்து மிச்சமிருந்தது ஒரே ஒருவர்தான். கல்யாணத்தை நிறுத்திய அதே பாக்கியம்.

ஆகவே நானும் பஸ் பிடித்து வலப்பனைக்குப் போனேன். நுவரெலியாவில் போட்ட ஸ்வெட்டரை வலப்பனையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிரசாந்தின் அப்பா ராமலிங்கத்துக்குக் கடைவீதியில் இரும்புக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. நல்ல மனிதர். என்னைக் கண்டதும் அழாத குறையாக, "பையன் மூனு நாளா யாரோடயும் பேசலீங்க. பள்ளிக்கூடம் போறான், வர்றான், அவ்வளவுதான்" என்றார்.

பாக்கியம் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். தம்பிக்கும் அவருக்கும் இருபது வயது வித்தியாசம். அவர் பேசினால் தம்பி உட்காரமாட்டார்.

"வாங்க கிளாக்கர் ஐயா. புஸ்தகத்துல இருக்கறதத்தானே நான் சொன்னேன்?"

கங்காணி பெயர் கொடுத்த கதையை முழுதாகச் சொன்னேன். நாற்பது பிள்ளை பெற்றவர் ஆள் கட்ட இந்தியாவுக்குப் போய்வர நேரம் எங்கே இருந்திருக்கும் என்றுகூடக் கேட்டேன். ராமலிங்கம் சிரித்தார், அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் புஸ்தகத்துல என் கொள்ளுத்தாத்தா பேரும் இருக்குதுங்க. அவருக்கும் அப்பா வீராசாமிதான். அப்ப நானும் உங்களுக்குப் பங்காளின்னு சொல்லுவீங்களா?"

பாக்கியம் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இருந்தா இருந்துட்டுப் போங்க" என்றார். அலட்சியமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"உங்க அப்பா தவறினப்போ யாரு மொட்டை எடுத்தாங்க, யாரு கோடி கொண்டாந்தாங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?"

"அம்பது வருசத்துக்கு முந்தின கத. எனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

முப்பது வருடத்துக்கு மேல் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து ஆட்களின் பதிலைக் கேட்டவன் நான். ஞாபகமில்லாதவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஞாபகமில்லை என்பார்கள். இவர் யோசிக்கவில்லை. ஆனால் வயதான ஒரு பெண்ணைச் சொந்த வீட்டில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

அப்போது ராமலிங்கத்தின் மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். பரிசத்தன்று பாக்கியத்துக்கென்று செல்லமுத்து வீட்டில் கொடுத்த சேலை. அவசரத்தில் வேனோடு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"ஆமா, கொண்டு போங்க" என்றார் பாக்கியம். "அந்த வீட்டுச் சேல இந்த வீட்டுக்கு வேணாம். ஒரு தடவ வந்ததே போதும்."

"ஒரு தடவ வந்துச்சுங்களா? எப்ப?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை வருடமாக உள்ளேயே கிடந்தது, யாரும் கேட்காமல் இருந்திருக்கிறது. கேட்டதும் கொட்டிவிட்டது.

"எங்கப்பா செத்தப்ப! எங்கம்மாவுக்குப் பொறந்த வீடுன்னு சொல்லிக்க யாருமில்ல, எல்லாம் கப்பலேறிட்டாங்க. அண்ணன் நான் இருக்கேன்னு செல்லமுத்துவோட அப்பந்தான் கோடி கொண்டாந்தான். விரிச்சுப் பாத்தா பாதிச் சேல! எங்கம்மா அதக் கட்டிக்கிட்டு நிக்குது, கொசுவம் வைக்கத் துணியில்ல. கையால புடிச்சிக்கிட்டே நின்னுச்சுங்க. லயமே பாத்துச்சு. புருசனப் பறிகொடுத்தவ அழுவாளா, சேலயப் புடிப்பாளா? அந்த வீட்டுல போயி பொண்ணு எடுக்கறதா?"

ராமலிங்கம் மெதுவாகக் கேட்டார். "அக்கா, கோடியா கொண்டாந்தாரு?"

"பின்ன என்ன, பொங்கலுக்கா கொண்டாந்தான்?"

"பங்காளி கோடி கொண்டாரமாட்டானே அக்கா."

கடையில் யாரோ ஆணி கேட்கும் சத்தம் கேட்டது. பாக்கியம் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மா பட்ட அவமானத்துக்கு ஐம்பது வருடம் கழித்து ஒரு நியாயம் கிடைக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். அவர் வாயாலேயே அது போய்விட்டது.

"டீ ஆறுது. குடிங்க" என்றார் கடைசியில்.

செல்லமுத்துவின் அப்பா, பாக்கியத்தின் அம்மாவுக்கு அண்ணன் முறையில் நின்றிருக்கிறார். ஆக, செல்லமுத்துவும் ராமலிங்கமும் மச்சான்மார். சங்கீதா பிரசாந்துக்கு மாமன் மகள். கட்டிக்கொள்ளத் தடையில்லை என்பது மட்டுமல்ல, இதைவிடச் சரியான முறை தேடினாலும் கிடைக்காது. ராமலிங்கம் எழுந்துபோய்ப் பையனுக்குப் போன் செய்தார். பள்ளிக்கூட நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வாத்தியார் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

நான் கிளம்பும்போது பாக்கியம் ஒரு நிபந்தனை போட்டார். "அன்னைக்குக் கொறஞ்சத இன்னைக்கு நெறவா கொண்டாரச் சொல்லுங்க. நான் அளப்பேன்."

அதைச் செல்லமுத்துவிடம் சொன்னேன். "துணி கூப்பனுக்குக் குடுத்த காலம்ங்க ஐயா. எங்கப்பா எங்க போயி வாங்கியிருப்பாரு?" என்றார். அதில் உண்மை இருக்கலாம். ஆனாலும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றுக்கு இரண்டு சேலையாக வாங்கிவிட்டார்.

இரண்டாவது பரிசம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. பாக்கியம் எல்லோர் முன்னாலும் சேலையைப் பிரித்து முழம் போட்டார். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அளந்து முடித்து, "பரவாயில்ல" என்று சொல்லி மடித்து வைத்தார். செல்லமுத்து அப்போதுதான் மூச்சு விட்டார்.

எனக்கு வழக்கம்போல நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். பாக்கியம் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அங்க ஏன் உக்காந்திருக்கீங்க? எந்திரிச்சி இங்கிட்டு வாங்க. அவரு நம்ம பக்கம்."

மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ராமலிங்கத்துக்குப் பக்கத்தில் போட்டேன். இரண்டு பக்கத்தாரும் குசுகுசுத்தார்கள். நடுவில் ஆள் இல்லாமல் பரிசம் நடந்து முடிந்தது. சண்டை எதுவும் வரவில்லை.

சாப்பாடு முடிந்து வேனில் ஏறும்போதுதான் பாக்கியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் சாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று அதுவரை காத்திருந்திருக்கிறார்.

"எங்கப்பாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்கினது யாருன்னு கேக்கலியே நீங்க. ராமலிங்கம் அப்ப கைக்கொழந்த. அவன ஒரு தோள்லயும் கொடத்த ஒரு தோள்லயும் வச்சிக்கிட்டு உங்கப்பாதான் சுத்தி வந்தாரு. மொட்டை எடுத்ததும் அவருதான். வேற ஆளு இல்ல எங்களுக்கு."

எனக்கு ஹட்டன் விடுதி வாசல் ஞாபகம் வந்தது. கதிர்காமத்து நேர்த்தி என்று நான் சொன்ன பொய்யும் ஞாபகம் வந்தது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏங்க ஒருத்தரும் சொல்லல?"

"உங்கப்பாதான் வேணாம்னாரு. 'எம் மவன் ஆபீசுல உக்காரப் போறான். சொந்தம்னு சொல்லிக்கிட்டு யாரும் போயி நிக்காதீங்க, அவன் வேலைக்கு ஆகாது'ன்னாரு. சரின்னுட்டோம். சொன்ன சொல்லுக்கு நாங்க வரலீங்க. அவரு செத்தப்பவும் லயத்துப் பக்கமா நின்னு பாத்துட்டுப் போயிட்டோம். உங்கப்பாவுக்காக ராமலிங்கத்துக்கு வலப்பனையிலயே மொட்டை எடுத்தேன்."

ராமலிங்கம் வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "அக்கா! அது கதிர்காமத்து நேர்த்தின்னுல்ல சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்றது?" என்றார் அவர்.

நான் அழுதேன். ஆபீசில் இருந்த காலத்தில் எவ்வளவோ பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவைத் திருகிக்கொண்டிருப்பேன். பாக்கியமும் என்ன செய்வது என்று தெரியாமல் தன் பைக்குள் எதையோ தேடினார். பிறகு சொன்னார்.

"தம்பி, ராமலிங்கம் கடக்காரன். அவனுக்குத் துணி வாங்கத் தெரியாது. நான் போனா பொறந்த வீட்டுக் கோடி நீங்க கொண்டாங்க. ஆறு கெஜமும் அளந்து வாங்குங்க."

"சரிங்க அக்கா" என்றேன்.

சங்கீதாவும் பிரசாந்தும் இப்போது வலப்பனையில் இருக்கிறார்கள். அவள் ஆபீஸ் வேலையை விடவில்லை, பஸ்ஸில் போய்வருகிறாள். என்னை ஐயா என்று கூப்பிடுவதா மாமா என்று கூப்பிடுவதா என்று சில நாள் திணறிவிட்டு, ஆபீஸ் நேரத்தில் ஐயா, மற்ற நேரத்தில் மாமா என்று முடிவு செய்திருக்கிறாள். வீராசாமி கங்காணியின் நாற்பது பிள்ளைகளுக்கும் தகப்பன் பெயர்க் கட்டத்தில் "தெரியாது" என்று போடச் சொன்னேன். போட்டுவிட்டாள். பிறகு என் குடும்பத்தையும் அக்கா குடும்பத்தையும் பங்காளி என்று இணைத்தாள். ஆதாரம் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டதாம். "மொட்டை" என்று எழுதினாளாம். ஏற்றுக்கொண்டுவிட்டது.

போன வாரம் நுவரெலியாவில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். வாங்குவதற்கு இல்லை, அதை முன்கூட்டி வாங்கி வைக்கக் கூடாது, அவசரமும் இல்லை, அக்கா நன்றாக இருக்கிறார். ஒரு சேலையை எடுத்து அளந்து காட்டச் சொன்னேன். கடைக்காரர் அளந்தார். இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்குங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்காவுக்கு" என்றேன்.